இரத்தச் சர்க்கரைக் குறைவும் மூல இன்சுலினும்

நீரிழிவு என்னும் சொல்லைக் கேளாத வீடு இன்று நம் நாட்டில் இல்லை எனலாம். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கண்ணும் சிறுநீரகமும் கால்களும் கெடும் என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால் அச்சர்க்கரை குறைந்துவிட்டால் என்ன நேரும் என்பதை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. மிகுதியால் விளையும் கேடு ஆண்டுக் கணக்கில் மெல்ல வருவது. குறைவால் விளையும் கேடோ நிமிடக் கணக்கில் வந்து நிற்பது. அக்குறைவைப் பற்றியும், அதன் காரணத்தைக் கண்டறிவதில் இன்சுலினுக்கு முன்பிறந்த பொருள் ஒன்று நமக்கு எவ்வாறு துணைசெய்கிறது என்பதைப் பற்றியும் இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

முதலில் ஓர் எளிய கணக்கைப் போடுவோம். நன்கு வளர்ந்த ஒருவருடைய உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் ஓடுகிறது. உணவு கொள்ளாத காலை வேளையில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை குளுகோஸ் என்னும் சர்க்கரை இருக்கும். அப்படியானால் உடலிலுள்ள இரத்தம் முழுவதிலும் இருக்கும் சர்க்கரை எவ்வளவு? சுமார் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி அளவே! மூளையோ நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுகோஸைச் செலவிடுகிறது. மணிக்கு 5 கிராம் என்று ஆகிறது. கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து இடைவிடாமல் சர்க்கரையை வழங்கி வராவிட்டால், இரத்தத்திலுள்ள சர்க்கரை மூளைக்கு மட்டுமே ஒரு மணி நேரத்திற்குத்தான் போதும். உடலின் எடையில் 50இல் ஒரு பங்கே உள்ள மூளை, உடல் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதற்கென்று தனிக் களஞ்சியமும் இல்லை. ஆகவே இரத்தச் சர்க்கரை தாழ்ந்தால் முதலில் வாடுவது மூளையே.

சர்க்கரை தாழத் தொடங்கியதும் உடல் அபாய அறிவிப்புச் செய்கிறது. அட்ரினலின் என்னும் சுரப்பு வெளிப்படுகிறது. நெஞ்சு படபடக்கிறது, கைகள் நடுங்குகின்றன, குளிர்ந்த வியர்வை அரும்புகிறது, பசி வயிற்றைக் கிள்ளுகிறது. இன்னும் தாழ்ந்தால் மூளையின் தொழில் தடுமாறுகிறது. பார்வை மங்கும், பேச்சுக் குழறும், தெரிந்தவரைத் தெரியாதவர்போல் நோக்குவர், காரணமின்றிச் சினம் கொள்வர் அல்லது சிரிப்பர். மேலும் தாழ்ந்தால் வலிப்பும் நினைவிழப்பும் வரும். கவனிப்பாரின்றி நீண்ட நேரம் கிடந்தால் உயிருக்கே இறுதி நேரலாம்.

இவ்வறிகுறிகளை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். குழறும் பேச்சும் தள்ளாடும் நடையும் உடையவரை உலகம் என்னவென்று சொல்லும்? குடித்திருக்கிறார் என்று சொல்லும். காரணமின்றிச் சிரிப்பவரைச் சித்தம் கலங்கியவர் என்று சொல்லும். இத்தகைய நோயாளிகளின் வரலாற்றைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் வருந்துவதுண்டு. வலிப்பு நோய் என்று கருதி ஆண்டுக் கணக்கில் மாத்திரை விழுங்கியவர் உண்டு. பேய் பிடித்ததென்று மந்திரிக்கப்பட்டவர் உண்டு. செய்யாத குற்றத்திற்குக் குடிகாரர் என்னும் பழியைச் சுமந்தவரும் உண்டு. அவர்கள் வீட்டாரை மெல்ல வினவினால் ஓர் உண்மை வெளிப்படும். "விடியற்காலையில்தான் இப்படி ஆகிறது, சர்க்கரை போட்டுக் காபி கொடுத்தால் சிறிது நேரத்தில் தெளிந்துவிடுகிறது" என்பார்கள். நோயின் திறவுகோல் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது.

சர்க்கரைக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணமாவது நீரிழிவுக்கான மருந்துதான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இன்சுலின் ஊசியையோ சிலவகை மாத்திரைகளையோ எடுத்துக்கொண்டு, உரிய நேரத்தில் உணவு கொள்ளாமல் விட்டால் சர்க்கரை தாழும். இதில் மருமம் ஒன்றும் இல்லை. ஆனால் நீரிழிவே இல்லாத ஒருவருக்கு, எம்மருந்தும் உண்ணாத ஒருவருக்கு, ஏன் சர்க்கரை தாழ வேண்டும்? நம் கதை இங்கேதான் தொடங்குகிறது.

1869ஆம் ஆண்டில் பெர்லினில் மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ், கணையத்தை நுண்பெருக்கியின்கீழ் வைத்துப் பார்த்தபோது, அதனுள் தீவுகள்போல் சிதறிக்கிடந்த உயிரணுத் திட்டுக்களைக் கண்டார். அவற்றின் தொழில் என்னவென்பது அவருக்குத் தெரியாது. 1921இல் கனடாவிலுள்ள டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள், மக்லியாட், காலிப் ஆகியோருடைய துணையுடன் அத்திட்டுக்களின் சாரமாகிய இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு நீரிழிவுச் சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. சாவின் வாயிலில் நின்ற பல்லாயிரவர் மீண்டனர். ஆனால் மருந்தின் அளவு மிகுந்தபோது நடுக்கமும் வியர்வையும் மயக்கமும் உண்டாவதையும் வைத்தியர்கள் கண்டனர்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தைச் சேர்ந்த சீல் ஹாரிஸ் என்னும் வைத்தியர், இன்சுலின் மிகையால் வரும் அதே அறிகுறிகள், இன்சுலின் ஊசியே போட்டுக்கொள்ளாத சிலரிடமும் இருப்பதைக் கவனித்தார். இவர்களுடைய கணையமே அளவுக்கு மீறி இன்சுலினைச் சுரக்கிறதோ என்று 1924இல் எழுதினார். 1927இல் மேயோ மருத்துவமனையினர், கணையத்திட்டுக்களில் தோன்றிய கட்டி ஒன்று இன்சுலினை வாரி இறைத்ததை விவரித்தனர். 1929இல் டொராண்டோவில் ராஸ்கோ கிரகாம் என்னும் அறுவை மருத்துவர் இத்தகைய கட்டி ஒன்றை அகற்றி நோயாளியைக் குணப்படுத்தினார். இக்கட்டிக்கு இன்சுலினோமா என்று பெயர். ஆண்டொன்றுக்குப் பத்து லட்சம் பேரில் நால்வர் அளவிலேயே இது தோன்றும். பெரும்பாலும் ஒரு நெல்லிக்காயினும் சிறியது. பத்தில் ஒன்பது புற்றுநோயாக மாறாதது. அகற்றிவிட்டால் நோயும் அகலும். ஆனால் கட்டி உண்டென்று ஐயமற அறிந்தாலன்றி யார் வயிற்றைத் திறக்கத் துணிவார்?

நியூயார்க் நகரத்து அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1930களில் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். பட்டினி இருக்கும்போது அறிகுறிகள் தோன்ற வேண்டும்; அவ்வேளையில் இரத்தச் சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும்; சர்க்கரை கொடுத்ததும் அறிகுறிகள் மறைய வேண்டும். இன்றும் மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் இம்மூன்றையும் மனப்பாடம் செய்கின்றனர். ஆயினும் இவை சர்க்கரை தாழ்ந்தது என்பதை மெய்ப்பிக்குமேயன்றி, ஏன் தாழ்ந்தது என்பதைச் சொல்லா.

1950களின் இறுதியில் ராசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகிய இருவரும் இரத்தத்திலுள்ள இன்சுலினைக் கதிரியக்கப் பொருள்களின் துணையால் அளக்கும் முறையைக் கண்டறிந்தனர். ஒருவருடைய சர்க்கரை தாழ்ந்த வேளையில் இன்சுலின் மிகுந்திருந்தால், குற்றவாளி இன்சுலின்தான் என்று சொல்ல முடிந்தது. ஆனால் உடனே வேறொரு கேள்வி எழுந்தது. அந்த இன்சுலின் யாருடையது? அவருடைய கணையம் சுரந்ததா, அல்லது ஊசியின் வழியாக வெளியிலிருந்து வந்ததா? இது வீண் கேள்வி அன்று. 1957இல் இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் ஆண் செவிலியர் ஒருவர் தம் மனைவிக்கு இன்சுலினைச் செலுத்திக் கொன்ற வழக்கு உலகையே திடுக்கிட வைத்தது. மனத்துயரால் தமக்குத் தாமே இரகசியமாக இன்சுலின் ஏற்றிக்கொள்பவரும் உண்டு. அத்தகையோருக்கு இல்லாத கட்டியைத் தேடி அறுவை செய்வது கொடுமை. மறுபுறம், கட்டியால் வாடும் ஒருவரை, 'நீ ஏமாற்றுகிறாய்' என்று ஐயுறுவதும் அதே அளவு கொடுமை அல்லவா?

இதற்கு விடை, இன்சுலின் எவ்வாறு உருவாகிறது என்னும் வேறொரு கேள்வியிலிருந்து கிடைத்தது. கேம்பிரிட்ஜில் பிரெடரிக் சாங்கர் 1955ஆம் ஆண்டளவில் இன்சுலினின் அமைப்பை முழுவதும் கண்டறிந்திருந்தார். அதில் இரண்டு சங்கிலிகள் உள்ளன. ஏ சங்கிலியில் 21 அமினோ அமிலங்கள். பி சங்கிலியில் 30. கந்தக அணுக்களாலான பாலங்கள் இரண்டையும் பிணைக்கின்றன. இரண்டு சங்கிலிகளும் தனித்தனியே செய்யப்பட்டுப் பின்னர் இணைக்கப்படுகின்றன என்றே பலர் எண்ணினர். ஆனால் சோதனைச் சாலையில் அப்படி இணைக்க முயன்றபோது, சரியாகப் பொருந்தியவை சிலவே. தாறுமாறாகப் பிணைந்தவை பல. உயிரணு மட்டும் எவ்வாறு பிழையின்றி இணைக்கிறது?

சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு ஸ்டைனர் இதை ஆராய முற்பட்டார். இயல்பான கணையத்தில் திட்டுக்களின் அளவு நூற்றில் ஓரிரு பங்கே. இன்சுலின் செய்யும் உயிரணுக்கள் செறிந்த திசு அவருக்குத் தேவைப்பட்டது. அது எங்கே கிடைத்தது தெரியுமா? சர்க்கரைக் குறைவால் வருந்திய ஒரு நோயாளியிடமிருந்து அகற்றப்பட்ட இன்சுலினோமாக் கட்டியிலிருந்து! அக்கட்டியின் மெல்லிய சீவல்களைக் கதிரியக்கம் ஊட்டிய அமினோ அமிலங்களில் இட்டு, அவை எப்பொருளில் போய்ச் சேர்கின்றன என்று நோக்கினார். கதிரியக்கம் முதலில் இன்சுலினில் தோன்றவில்லை. அதைவிடப் பெரிய வேறொரு புரதத்தில் தோன்றியது. நேரம் செல்லச் செல்ல அதிலிருந்து இன்சுலினுக்கு மாறியது. 1967இல் அவர் வெளியிட்ட இக்கண்டுபிடிப்பே புரோ-இன்சுலின். நாம் அதை மூல இன்சுலின் என்று அழைப்போம்.

மூல இன்சுலின் 86 அமினோ அமிலங்களாலான ஒரே நீண்ட சங்கிலி. அதன் ஒரு முனையில் பி சங்கிலி. மறுமுனையில் ஏ சங்கிலி. நடுவே 31 அமினோ அமிலங்களாலான இணைப்புத் துண்டு. இத்துண்டுக்கு ஸி-பெப்டைடு என்று பெயர். துண்டின் இருபுறமும் இரண்டிரண்டு அமினோ அமிலங்கள் வெட்டுக்குறிகளாக நிற்கின்றன. 30, 2, 31, 2, 21; கூட்டிப் பாருங்கள், 86 வரும். இதற்கும் முன்னர் 24 அமினோ அமிலங்களாலான ஒரு வால் சேர்ந்து, 110 கொண்ட முந்தைய வடிவமும் உண்டு. அந்த வால், புரதத்தை உயிரணுவினுள் உரிய அறைக்கு வழிகாட்டி அழைத்துச் சென்றதும் நீக்கப்பட்டுவிடும்.

கொத்தனார் வீடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் சாரம் கட்டுகிறார். அதன் துணையால் சுவரும் வளைவும் உரிய இடத்தில் நிற்கின்றன. பூச்சு உலர்ந்து உறுதிப்பட்டதும் சாரத்தைக் கழற்றிவிடுகிறார். ஸி-பெப்டைடு அந்தச் சாரம் போன்றது. ஏ, பி சங்கிலிகளை எதிரெதிரே நிறுத்தி, பாலங்கள் பிழையின்றி அமையும்படி செய்கிறது. அதன்பின் என்சைம்கள் என்னும் நொதிகள் கத்தரிக்கோல்போல் வந்து இருபுறமும் வெட்டுகின்றன. இன்சுலின் பிறக்கிறது, சாரம் தனியே விழுகிறது. ஆனால் விழுந்த சாரம் அங்கேயே அழிந்துபோவதில்லை. இன்சுலினும் ஸி-பெப்டைடும் ஒன்றுக்கு ஒன்று என்னும் கணக்கில் ஒன்றாகவே இரத்தத்தில் கொட்டப்படுகின்றன. எத்தனை வீடுகள் கட்டப்பட்டனவோ, அத்தனை சாரங்கள் வாசலில் கிடக்கின்றன!

மருந்துக் கடையில் விற்கும் இன்சுலினோ தூய்மை செய்யப்பட்டது. அதில் ஸி-பெப்டைடு இல்லை. ஆகவே மருத்துவர் கேட்ட கேள்விக்கு விடை எளிதாயிற்று. சர்க்கரை தாழ்ந்த வேளையில் எடுத்த இரத்தத்தில் இன்சுலின் மிகுந்து, ஸி-பெப்டைடும் மிகுந்திருந்தால், அது உடலின் சொந்த விளைவு. இன்சுலின் மட்டும் மிகுந்து ஸி-பெப்டைடு அடங்கியிருந்தால், அது வெளியிலிருந்து வந்தது. வீடு இருக்கிறது, சாரம் இல்லை. எனவே வேறிடத்தில் கட்டிக் கொண்டுவரப்பட்டது என்று பொருள். ஒரு விதிவிலக்கை மறக்கலாகாது. சல்போனைல் யூரியா வகை மாத்திரைகள் சொந்தக் கணையத்தையே தூண்டிச் சுரக்கச் செய்பவை. அவற்றை உண்டவரிடம் ஸி-பெப்டைடும் மிகும். ஆதலால் இரத்தத்தில் அம்மருந்தின் சுவடு இருக்கிறதா என்றும் பார்த்த பின்னரே கட்டியென்று முடிவு செய்வர்.

இனி, மூல இன்சுலின் தானே பேசும் சாட்சியத்தைக் கேட்போம். இயல்பான உயிரணு பொறுமையுள்ள கொத்தனார். சாரம் பிரிக்காத வீட்டை அவர் பெரும்பாலும் ஒப்படைப்பதில்லை. கட்டியின் உயிரணுவோ அவசரக்காரர். வெட்டி முடியாத மூல இன்சுலினையும் அப்படியே வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே பட்டினி வேளையில் சர்க்கரை தாழ்ந்திருக்க, மூல இன்சுலின் அடங்காமல் நிற்குமானால், கட்டியைப் பற்றிய ஐயம் வலுக்கிறது. அரிதாகச் சில கட்டிகள் பெரும்பாலும் மூல இன்சுலினையே சுரக்கின்றன. பழைய அளவை முறைகள் இன்சுலினையும் மூல இன்சுலினையும் பிரித்தறியாமல் சேர்த்தே எண்ணின. இக்காலத்து நுட்பமான முறைகளில் பல இன்சுலினை மட்டுமே எண்ணுகின்றன. அதனால் ஒரு விந்தை விளைகிறது: கருவி நுட்பமானதாலேயே இத்தகைய கட்டி கண்ணுக்குத் தப்பிவிடலாம். மூல இன்சுலினைத் தனியே அளந்தால்தான் அகப்படும்.

மூல இன்சுலினுக்குச் சர்க்கரையைத் தாழ்த்தும் ஆற்றல் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். உண்டு, ஆனால் இன்சுலினின் ஆற்றலில் அது பத்தில் ஒரு பங்கு அளவே. எனினும் இரத்தத்தில் இன்சுலினைவிட நெடுநேரம் தங்கும். 1995இல் இங்கிலாந்தில் ஸ்டீபன் ஓ'ராஹிலியும் அவருடைய குழுவினரும் ஒரு பெண்மணியைப் பற்றி எழுதினர். உணவு கொண்ட சில மணி நேரத்தில் அவருக்குச் சர்க்கரை தாழ்ந்தது. அவருடைய இரத்தத்தில் இன்சுலின் மிகக் குறைவு. மூல இன்சுலினோ மிக அதிகம். வெட்டும் நொதிகளில் ஒன்று அவருக்குப் பிறவியிலேயே பழுதுபட்டிருந்ததை 1997இல் மரபணு ஆராய்ச்சி உறுதிசெய்தது. உணவுக்கென எழுந்த மூல இன்சுலின், உணவின் சர்க்கரை தீர்ந்த பின்னும் நீங்காமல் நின்றதே குறைவுக்குக் காரணமாகக் கருதப்பட்டது.

சந்தேகப்படும் நோயாளியை மருத்துவமனையில் சேர்த்து, 72 மணி நேரம் வரை உணவின்றி, தண்ணீர் முதலியவற்றை மட்டும் கொடுத்துக் கண்காணிப்பர். அறிகுறி தோன்றிச் சர்க்கரை 55 மில்லிகிராமுக்குக் கீழே தாழ்ந்ததும் இரத்தம் எடுத்து, இன்சுலின், ஸி-பெப்டைடு, மூல இன்சுலின் மூன்றையும் அளப்பர். லிட்டருக்கு 5 பிக்கோமோல் அல்லது அதற்குமேல் மூல இன்சுலின் இருந்தால் அது அடங்கவில்லை என்று 2009இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. ஒரு பிக்கோமோல் என்பது ஒரு மோலில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு! இத்துணை நுண்ணிய அளவு ஒருவரை அறுவைக் கூடத்திற்கு அனுப்புவதா, வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க உதவுகிறது. இச்சோதனை மருத்துவர் கண்முன்னே நடத்தத் தக்கது. வீட்டில் ஒருவரும் முயலலாகாது.

மாணவ நண்பர்களே, நீங்கள் அனைவரும் மருத்துவராகப் போவதில்லை. ஆயினும் உங்கள் வகுப்பிலோ பேருந்திலோ ஒருவர் வியர்த்து நடுங்கி, பொருந்தாமல் பேசக் காண்பீர்களானால், பழிக்கும் முன்னர் சர்க்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். நினைவோடு விழுங்கக் கூடியவராயின், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். நினைவிழந்தவருக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக் குழலில் புகுந்துவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே மருத்துவ உதவியை நாடுங்கள். தெளிந்த பின்னரும், மருந்து ஏதும் உண்ணாதவருக்கு ஏன் இப்படி ஆயிற்று என்று மருத்துவரிடம் கேட்கும்படி வற்புறுத்துங்கள்.

புரதம் எவ்வாறு மடிகிறது என்று அறிய விரும்பிய ஒரு விஞ்ஞானிக்கு, நோயாளி ஒருவருடைய கட்டி விடையளித்தது. அவ்விடையே இன்று வேறு பல நோயாளிகளைப் பழியிலிருந்தும், தேவையற்ற அறுவையிலிருந்தும், சாவிலிருந்தும் காக்கிறது. கொத்தனார் கழற்றி எறிந்த சாரத்தையும் வீணென்று ஒதுக்காமல் எண்ணிப் பார்த்தவர்களால் வந்த நன்மை இது என்று கூறி, என் பேச்சை முடித்துக்கொள்கிறேன்.